மாதவிடாய் நிற்கும் பருவத்து மனச்சோர்வும் ஹார்மோன் சிகிச்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுத்தர வயதுப் பெண்களின் மனச்சோர்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஆலோசனை, யோகா, மாத்திரை என எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு, ஹார்மோனைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டது வருத்தமளித்தது. மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும் ஆண்டுகளில் வரும் மனச்சோர்வுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் உதவக்கூடும் என்பது புதிய செய்தியன்று. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நிலையிலிருந்த 50 பெண்களில் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகையான எஸ்ட்ராடையால் மருந்துள்ள பட்டையையும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத பட்டையையும் 12 வாரங்கள் தோலில் ஒட்டிப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 17 பேருக்கு மனச்சோர்வு நீங்கியது. மற்றவர்களில் 5 பேருக்கே நீங்கியது.

என் அக்கா நாற்பத்தேழு வயதில், விடியற்காலை மூன்று மணிக்கே வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிடுவார்; வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தால்கூட எடுக்க மனம் வராது. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, "ஹார்மோன் எல்லாம் நார்மல்தான், வயசாகுதில்லையா" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பருவத்தில் ஹார்மோன் அளவு ஓயாமல் ஏறி இறங்கும். ஒருநாள் எடுத்த ரத்தம் அந்த ஒருநாளை மட்டுமே காட்டும். தவிரவும், அளவு குறைவது ஒன்றே காரணமன்று. அந்த ஏற்ற இறக்கத்தைச் சிலருடைய உடல் தாங்குவதில்லை. 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்த 8 பெண்களுக்கும், அப்படி ஆளாகாத 8 பெண்களுக்கும், கர்ப்பகாலத்தைப் போல ஹார்மோன்களைக் கூட்டிக் கொடுத்துப் பிறகு நிறுத்தியபோது, முதல் குழுவில் 5 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தோன்றின. இரண்டாம் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஹார்மோன் என்றாலே அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2002-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, ஹார்மோன் மாத்திரை உட்கொண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியதைக் கண்டு பாதியில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, அதாவது அவர்கள் மாதவிடாய் நிற்கும் பருவத்தைக் கடந்தவர்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், ரத்தக்கட்டு ஏற்பட்டவர்களுக்கும் இச்சிகிச்சை பொதுவாக ஆகாது. கருப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோன் வகை மருந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழிந்தவர்களின் மனச்சோர்வுக்கு இதனால் பலன் கிடைப்பதாகவும் தெரியவில்லை. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிட்டு இதற்கு மாறவும் கூடாது.

நாற்பதைத் தாண்டிய பெண் மனநல மருத்துவரிடம் போனால் மாதவிடாயைப் பற்றி அவர் கேட்பதில்லை. மகளிர் நல மருத்துவரிடம் போனால் தூக்கத்தையும் மனநிலையையும் அவர் விசாரிப்பதில்லை. நடுவில் அலைபவள் நோயாளிதான். இந்த இரு துறை மருத்துவர்களையும் ஒருசேர அழைத்து, யாருக்கு இச்சிகிச்சை பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று வாசகிகள் நேரடியாகக் கேட்கும்படியான கேள்வி-பதில் பகுதி ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்.