கேட்க ஓர் ஆள் வையுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே ஃபீனிக்ஸில் உள்ள எங்கள் பிள்ளைகளின் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘குண்டு வைப்பேன்’ என்று எழுதிய பத்தாம் வகுப்புப் பையனை நீக்கும்படி கல்வித் துறைக்கு எழுதிவிட்டீர்கள். நடந்தது உங்களுக்கே தெரியும். ஞாயிறுதோறும் கோயிலில் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான்.

அன்று அவன் அம்மா இரவு ஷிப்ட் முடித்து, தையல் ஆலை உடுப்போடு நேராக உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று மணி நேரம் வராந்தாவில் நின்றார். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாலையில் மகனின் போனை என்னிடம் நீட்டினார். முகம் தெரியாத ‘அண்ணன்’ ஒருவன் ஆறு மாதமாக அனுப்பிய செய்திகள். ஆங்கிலத்தில்தான். முதல் வாரங்களில் வெறுப்புப் பேச்சே இல்லை. “சாப்பிட்டியா?” “இன்னைக்கும் அடிச்சாங்களா?” தினமும் இரவு பத்து மணிக்கு. வகுப்பில் அடிக்கிறார்கள் என்று பையன் பள்ளியில் இரண்டு முறை புகார் சொன்னான். அதை யார் விசாரித்தீர்கள்?

ஒரு முழுநேர மனநல ஆலோசகரை நியமியுங்கள்.

பயங்கரவாதத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மனநோயாளிகள் அல்லர் என்று ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். வறுமை மட்டுமே காரணமும் இல்லை. அவமானம், அநீதி, நமக்கென்று ஒரு கூட்டம் வேண்டும் என்ற ஏக்கம், அதை மோப்பம் பிடித்து வருகிற ஒருவன். 1985 டிசம்பர் 23 அன்று டர்பனுக்குத் தெற்கே அமன்சிம்டோட்டி ஊரின் கடைவளாகத்தில் குண்டு வைத்த ஆண்ட்ரூ சோண்டோவுக்கு வயது 19. பக்கத்து நாடான லெசோத்தோவில் நம் நாட்டு நிறவெறி அரசின் படை சில நாள் முன்பு செய்த கொலைகளுக்குப் பழி என்றான். செத்தவர்கள் ஐந்து பேர், மூவர் பிள்ளைகள். எந்தக் காரணமும் அதை நியாயமாக்காது. 1986-இல் அவனைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகும், 1987-லும் 1988-லும், ஜொகன்னஸ்பர்கில் குண்டுகள் வெடித்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? 2021 ஜூலைக் கலவரத்தின்போது இதே ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அப்போது இவன் சின்னப் பிள்ளை. தெருமுனையில் பெரியவர்கள் துப்பாக்கியோடு நின்றதை ஜன்னல் வழியே பார்த்தவன். அதைப் பற்றி எந்தப் பிள்ளையோடு நாம் உட்கார்ந்து பேசினோம்? கோயிலிலும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது பெற்றோரிடம் பணம் திரட்டி வாசலில் மெட்டல் டிடெக்டர் வைக்கிறீர்கள். அந்த அண்ணன் வாசல் வழியாக வரவில்லையே!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துறையின் முடிவு வருமுன் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். ஆலோசகரை நியமியுங்கள். அடுத்த கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் தாருங்கள். அவன் அம்மாவும் வருவார். தயவுசெய்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை