மொட்டை மாடிக்கு ஒரு மிஷின்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே? நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பிரஷர் வாஷர்களையும், அதுதான் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிற மிஷின்களை, பார்த்தேன். போனில் சொன்னால் நடுவில் குழந்தை அழும், நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும் வரை ஆர்டர் போடாதே.

மூன்றிலும் 'பார்' என்கிற அழுத்த எண்ணைத்தான் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது உச்ச அழுத்தம். ஓடும்போது கிடைப்பது அதைவிடக் குறைச்சல்தான். அது மிஷின் மேல் ஒட்டிய தகட்டில் பொடி எழுத்தில் இருக்கும். ஓடும்போது 100 பார் வந்தாலே நமக்குத் தாராளம். மாடிப் பாசி, வாசல் சிமெண்ட் தரை, என் டிவிஎஸ். வேறு என்ன இருக்கிறது கழுவ?

முதலில் பார்க்க வேண்டியது மோட்டார். ஆயுசு முழுக்க மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டிப் பிழைத்தவன் சொல்கிறேன், கேள். விலை குறைந்த மிஷின்களில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்தான். நம் மிக்ஸியில் இருப்பதும் அந்த ஜாதிதான். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும், தெருவே எழுந்துவிடும். கால் மணி நேரம் ஓட்டினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். கார்பன் தேயும், அதைக் கவனிக்காமல் ஓட்டினால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் போகும். கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் 2,800 சுற்று சொச்சத்தில் நிதானமாக ஓடும். சத்தம் குறைவு, உழைப்பு அதிகம். விலையும் கூட, எடையும் கூட. அம்மாவால் தூக்க முடியாது, அது உண்மைதான். மாடிப்படி ஹெட்ரூமிலேயே வைத்துவிட்டால் தூக்குகிற வேலையே இல்லை. வாங்கும்போது காயில் செம்பா அலுமினியமா என்று கேள். பெட்டியில் எழுதியிருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள். செம்பு என்றால் எரிந்தாலும் நானே திரும்பக் கட்டிவிடுவேன்.

அடுத்தது தண்ணீர். இதை எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நம் ஊரில் மிஷினைக் கெடுப்பதே இதுதான். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். நம் சின்டெக்ஸ் டேங்க் மாடித் தளத்திலிருந்து ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அந்தக் குழாயில் மாட்டினால் பம்புக்குத் தண்ணீர் பத்தாமல் காற்றை இழுக்கும், உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தேயும். அதனால் பக்கெட்டிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும் வகைதான் நமக்கு வேண்டும். அதிலும் உறிஞ்சுகிற டியூபை முதலில் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கையில் பிடித்து அடிக்கிற கன்னைத் திறந்து பிடித்தபடி சுவிட்சைப் போட்டு, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் ஒரே சீராக வரும் வரை விட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓடக் கூடாது.

போர் தண்ணீர் எப்படி என்று உனக்கே தெரியும். குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அதே உப்பு கன் முனையில் மாட்டுகிற நாசிலின் ஊசித் துளையிலும் படியும். ஸ்ப்ரே ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தால் உப்பு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தால் சரியாகிவிடும். மணலுக்கு இன்லெட் ஃபில்டர் இருக்கிறது. சின்ன வலை, ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் காவிரித் தண்ணீர் ஒரு பக்கெட் விட்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். அம்மா இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள்.

தண்ணீர் விஷயத்தில் அவள் ஏற்கெனவே சண்டைக்கு நிற்கிறாள். 2019 ஜூலையில், அப்போது நம் வேலூர் மாவட்டத்தில் இருந்த ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதே, அதையெல்லாம் எடுத்துப் பேசுகிறாள். இந்த மிஷின் நிமிஷத்துக்கு ஆறு ஏழு லிட்டர்தான் எடுக்கும். அரை மணி நேரம் ஓட்டினால் 200 லிட்டர். இப்போது நான் டியூபைத் திறந்து விட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்க்கிறேனே, அதில் போவது இதற்கு இரண்டு பங்கு. கணக்கைக் காட்டினேன். "மிஷின் வந்தால் தினமும் கழுவுவீர்கள்" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கரண்ட். மாடியில் இருக்கும் பிளக் தீபாவளி சீரியல் லைட்டுக்குப் போட்டது. 1,800 வாட் மிஷின் எட்டு ஆம்பியர் இழுக்கும். அதனால் 2.5 ஸ்கொயர் ஒயரில் தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட் இழுத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுவிடுகிறேன். அந்த வேலைக்கு ஆள் வேண்டாம், நான் இருக்கிறேன். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் மாட்டவே கூடாது. கோடையில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி போட்டதும் வோல்டேஜ் இறங்கும். அப்போது இண்டக்‌ஷன் மோட்டார் உறுமும், சுற்றாது. சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் சுவிட்சை அணைக்காமல் விட்டால் காயில் மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாடை வரும். அந்த வாடைதான் நம் வீட்டுக்குச் சோறு போட்டது, இருந்தாலும் சொந்த மிஷினில் வர வேண்டாம்.

நம் மாடி தட்டோடு பதித்த தளம், ஞாபகம் இருக்கிறதா? ஓட்டுக்கு ஓடு இடையில் சிமெண்ட் பாயிண்டிங். சிவப்பு நாசில் என்று ஒன்று வரும், தண்ணீர் ஊசி மாதிரி ஒரே கோடாக அடிக்கும். அதை அந்த இடுக்கில் காட்டினால் பாயிண்டிங் பெயர்ந்து, அடுத்த கார்த்திகை மழைக்கு ஹால் சீலிங் ஒழுகும். பச்சை அல்லது வெள்ளை நாசில் விசிறியாக அடிக்கும். ஓர் அடி தள்ளிப் பிடித்தால் பாசி மட்டும் உரிந்து வரும், ஓடு பிழைக்கும். ப்ளீச்சிங் பவுடரை மிஷினுக்குள் விடக் கூடாது, சீலை அரிக்கும். முதல் நாளே கையால் தூவி ஊறவிட்டால் போதும். தை பிறந்து அம்மா வடாம் போட ஆரம்பிப்பதற்குள் அதன் வாசனை சுத்தமாகப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடையாது.

குழந்தையைக் கூட்டி வரும்போது இது கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரி இருக்கும், உள்ளே சதை கெடும். யாருக்காவது பட்டால் மருந்து தடவிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. ஓட்டும்போது செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை நிச்சயம் ஆசைப்பட்டு என் கையிலிருந்து வாங்கி ஓட்டிப் பார்ப்பார், அவருக்கும் சொல்லிவை.

நிறுத்தும்போது முதலில் மோட்டார், அப்புறம் தண்ணீர். கடைசியில் கன்னை ஒரு தடவை அழுத்தி, உள்ளே நிற்கும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். குளிர் நாடுகளில் பம்பில் தண்ணீர் உறையாமல் இருக்க மருந்து விடுவார்களாம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நம் வேலூர் வெயிலில் மாடியில் கிடந்தால் ஹோஸ் விறைத்து வெடித்துவிடும். சுருட்டி நிழலில் வைக்க வேண்டியதுதான்.

ஆன்லைனில் கொஞ்சம் மலிவாக இருக்கலாம். இருந்தாலும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமும் கன்னும் தனியாகக் கிடைக்கிற மிஷினாகப் பார். லாங் பஜார் பக்கம் இரண்டு மூன்று கடைகளில் நானும் விசாரிக்கிறேன். நீ அனுப்பியதில் இரண்டாவது இண்டக்‌ஷனா என்று தெளிவாகப் போடவில்லை. அந்தக் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேள்: இண்டக்‌ஷன் மோட்டாரா, செம்புக் காயிலா, பக்கெட்டிலிருந்து உறிஞ்சுமா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் போடு. பணத்தில் பாதி நான் தருவேன், வேண்டாம் என்று சொல்லாதே.

இப்படிக்கு,
அப்பா