வெளிநாட்டு விருந்தினரிடம் முன்கூட்டியே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வணிகப் பேச்சுக்காக வெளிநாட்டிலிருந்து வருவோரை வரவேற்கும் நிறுவனங்கள் பலவும், கைகுலுக்குவதா தலைவணங்குவதா என்பதைப் பற்றியே பெரிதும் கவலைப்படுகின்றன. நாடுவாரியாகத் தொகுத்த குறிப்புகளை ஊழியர்களிடம் கொடுத்துவிட்டால் ஆயத்தம் முடிந்ததாகவும் கருதுகின்றன. அக்குறிப்புகள் பயனற்றவை அல்ல; ஜப்பானியர் ஒருவர் இரு கைகளாலும் தரும் முகவரி அட்டையை, படித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் செருகுவது மரியாதைக் குறைவு என்று அறிந்திருப்பது நல்லதே. ஆனால் ஒரே நாட்டிலிருந்து வரும் இருவர் உணவிலும் வழிபாட்டிலும் பழக்கத்திலும் முற்றிலும் வேறுபடக்கூடும். எனவே, விருந்தினர் விமானம் ஏறுவதற்கு முன்பே அவருடைய தேவைகளை அவரிடமே கேட்டறிய வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். சீனரும் கொரியரும் ஹங்கேரியரும் குடும்பப் பெயரை முன்னால் எழுதுகின்றனர். ஜப்பானியர் தம் மொழியில் அவ்வாறே எழுதினாலும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் மாற்றி எழுதி வந்தனர். 2020 ஜனவரி முதல் ஜப்பான் அரசு தன் ஆங்கில ஆவணங்களிலும் குடும்பப் பெயரை முன்னே வைக்கிறது. மின்னஞ்சலைப் பார்த்து எது குடும்பப் பெயர் என்று ஊகிப்பது இதனால் சரிவராது. எப்படி அழைக்க வேண்டும், எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டால் எவரும் வருந்தமாட்டார்.

நாள் குறிப்பதில் இன்னும் மிகுந்த கவனம் தேவை. 03/04 என்று எழுதினால் பிரிட்டனிலிருந்து வருபவர் ஏப்ரல் 3 என்றும், அமெரிக்கர் மார்ச் 4 என்றும் படிப்பார். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் இக்குழப்பமே எழாது. சவூதி அரேபியாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அண்டை நாடான ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசு அலுவலகங்களோ 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டன. ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூதர், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது முதல் சனிக்கிழமை இரவு வரை வேலை செய்வதில்லை, வண்டியில் பயணம் செய்வதுமில்லை. அவருக்கு வெள்ளி இரவில் விருந்து ஏற்பாடு செய்தால், எவ்வளவு அன்போடு செய்தாலும் அவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துவதாகவே முடியும். ரமலான் மாதம் சந்திரனின் கணக்குப்படி அமைவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வருகிறது; சென்ற ஆண்டின் அட்டவணையை அப்படியே பின்பற்றுவோர், நோன்பிருப்பவரைப் பகலுணவுக் கூட்டத்துக்கு அழைத்துவிடக்கூடும். பல மணி நேர வேறுபாடுள்ள நாட்டிலிருந்து வருபவரை, இறங்கிய அன்றே பேச்சுவார்த்தைக்கு அமர்த்துவதும் முறையன்று. உறக்கமின்றி வந்தவரிடம் அன்று பெறும் சம்மதத்தை நான் பெரிதாக மதிக்கமாட்டேன்.

எதிர்பாலினரோடு கைகுலுக்குவதைத் தவிர்க்கும் சமயப் பற்றாளர்கள் உண்டு. விருந்தினர் கை நீட்டும்வரை காத்திருந்தால் இருதரப்பிலும் மரியாதை காக்கப்படும். பரிசு கொடுப்பதில் அடக்கம் நல்லது. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் வெளிநாட்டு லஞ்சத்தைத் தண்டிப்பதால், அந்நாடுகளின் நிறுவனங்கள் பல, தம் ஊழியர் ஏற்கும் பரிசுக்கும் விருந்துக்கும் வரம்பு விதித்துள்ளன. மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கும்போது விருந்தினரின் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ‘அவரிடம் சொல்லுங்கள்’ என்று பேசுவது, எதிரே அமர்ந்திருப்பவரை ஒதுக்குவதாகும்.

அழைப்புக் கடிதத்தோடு ஒரு பக்கக் கேள்வித்தாளை அனுப்பும் வழக்கத்தைத் தொழில் அமைப்புகள் தம் உறுப்பினரிடையே கொண்டுவர வேண்டும். அழைக்க வேண்டிய பெயர், உண்ணாத உணவு, மது அருந்தும் விருந்தில் கலந்துகொள்ள விருப்பமா, வழிபாட்டு நேரம், தேவைப்படும் ஓய்வு ஆகியவை அதில் இடம்பெறட்டும். எவருக்கும் விடையளிக்கக் கட்டாயம் இருக்கக்கூடாது. வந்த பதில்கள் மேலதிகாரியின் கோப்பிலேயே தங்கிவிடாமல், சமைப்பவருக்கும் ஓட்டுநருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய நேரத்தில் போய்ச் சேர, நிறுவனம் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்