உண்மைக் குற்றத் தொடர்கள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

நிஜத்தில் நடந்த குற்றங்களை வைத்து நீங்கள் எடுக்கும் தொடர்களை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒரு ஆள். அதனால் ‘இதையெல்லாம் ஏன் எடுக்கிறீர்கள்’ என்று சண்டை போட வரவில்லை. நாங்கள் ஏன் பார்க்கிறோம் என்பதை நீங்கள் பாதிதான் புரிந்துவைத்திருக்கிறீர்கள். புரியாத மறுபாதியால் சிலருக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சோகத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பதை வக்கிரம் என்று நான் நினைக்கவில்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்வுகளைச் சொல்லும்போது நகைக்கு அடுத்ததாகவே அழுகையை வைக்கிறது. இளிவு (இகழப்படுவது), இழவு, அசைவு (முன்னிருந்த நிலை கெடுவது), வறுமை என்று அது பிறக்கும் இடங்களையும் எண்ணிச் சொல்கிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் கிளறிவிட்டு, அவற்றின் வழியாகவே மனதைத் தெளியவைக்கிறது என்றார். 2016-இல் உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூட்டமாக உட்கார்ந்து சோகப் படம் பார்த்தவர்களுக்கு, வலியைத் தாங்கும் திறனும் உடனிருந்தவர்கள்மேல் ஒட்டுதலும் சராசரியாகக் கூடியிருந்தன. சேர்ந்து அழுவது நம்மை நெருக்கமாக்குகிறது. பயமும் இருக்கிறது. நாளைக்கு நமக்கு நடந்தால் என்ன செய்வோம் என்று பத்திரமான இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் இவ்வளவுக்கும் அடியில் ஒரு நிபந்தனை உண்டு: அந்தத் துக்கம் நம்முடையதாக இருக்கக் கூடாது.

கி.மு. 494-இல் பாரசீகர்கள் மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரத்தைப் பிடித்து அழித்தார்கள். அதை ஃபிரினிக்கஸ் என்பவர் ஏதென்ஸில் நாடகமாகப் போட்டார். மிலேட்டஸ்காரர்களை உறவாக நினைத்த ஊர் அது. அரங்கமே அழுதது. அப்புறம் அவருக்கு 1,000 திராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாரும் நடத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டார்கள். தங்கள் சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்பதுதான் குற்றம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். துன்பியல் நாடகத்தைக் கொண்டாடி வளர்த்த அதே ஊர்தான் இப்படிச் செய்தது. எதைப் பார்த்து அழலாம், எதைப் பார்க்கவே முடியாது என்ற வேறுபாடு அவர்களுக்கு உடம்பிலேயே தெரிந்திருக்கிறது.

உங்கள் தொடரில் வரும் குடும்பம் அந்த ஏதென்ஸ்காரர்களின் நிலையில் இருக்கிறது. அவர்களிடம் அபராதம் போடும் அதிகாரம் மட்டும் இல்லை.

அடிக்கடி வரும் ஒரு காட்சியையே சொல்கிறேன். அவசர உதவி எண்ணுக்கு வந்த அழைப்பின் ஒலிப்பதிவு. ஒரு பெண் முகவரி சொல்லப் பார்க்கிறார், தெருப் பெயர் வாயில் வரவில்லை. ‘மெதுவாகச் சொல்லுங்கள்’ என்கிறது மறுமுனை. இருண்ட திரையில் அவருடைய சொற்கள் ஒவ்வொன்றாக எழுத்தில் தோன்றுகின்றன. அடியில் மெல்ல ஒரு செல்லோ. சரியாக அவர் கதறும் இடத்தில் இசையை நிறுத்துகிறீர்கள், அத்தியாயம் முடிகிறது. எனக்கு அது 40 விநாடிப் பதற்றம். அந்தப் பெண் எங்கோ இன்னும் உயிரோடு இருக்கிறார். அந்தக் குரல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, முன்னோட்டமாக அவர் கைபேசிக்கே வந்து சேரலாம்.

விழிப்புணர்வுக்காக எடுக்கிறோம் என்பீர்கள். பாரிஸ் பிணவறையையும் ஒரு நல்ல காரணத்தைச் சொல்லித்தான் திறந்துவைத்தார்கள். அடையாளம் தெரியாத உடல்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்தினால், தெரிந்தவர் யாராவது வந்து பெயர் சொல்வார்கள் என்பது ஏற்பாடு. 19-ஆம் நூற்றாண்டில் அது சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெற்ற வேடிக்கை இடமாகிவிட்டது. குழந்தைகளைக்கூடக் கூட்டிக்கொண்டு போனார்கள். 1907-இல்தான் பொதுமக்களுக்கு மூடினார்கள்.

உண்மையாகவே பயன் தந்த படங்களும் உண்டு, மறுக்கவில்லை. எரோல் மோரிஸ் 1988-இல் எடுத்த ஆவணப்படம், செய்யாத கொலைக்காகச் சிறையில் இருந்த ஒருவரின் வழக்கைத் திரும்பப் பார்க்க வைத்தது. அடுத்த ஆண்டே அவர் வெளியே வந்தார். அங்கே விடை தெரியாத ஒரு கேள்வி இருந்தது, தேடல் இருந்தது. தீர்ப்பு வந்து, கொலையாளி சிறைக்குப் போய், எல்லாம் முடிந்த ஒரு வழக்கை நான்காவது முறையாக எடுக்கும்போது எதைத் தேடுகிறீர்கள்?

நீதிமன்ற ஆவணம் பொதுவில் இருக்கிறது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லியிருப்பார். சட்டத்துக்குத் தேவைப்படாமல் போகலாம். நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி. திரைக்கதையில் முதல் வரி எழுதுவதற்கு முன்பே குடும்பத்தாரிடம் போய்க் கேளுங்கள். ஒப்புக்கொண்டால், முன்னோட்டம் எங்கள் கண்ணில் படுவதற்கு முன் அவர்களுக்குக் காட்டுங்கள், வெளியாகும் தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தொலைபேசிக் குரலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால், அந்த வழக்கை விட்டுவிட்டு முழுக் கற்பனையாக ஒரு கதை எழுதுங்கள். அதையும் நாங்கள் விடிய விடியப் பார்ப்போம், அதற்கும் அழுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்