விகடகவியைத் திருப்பத் தெரியாத கணினி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறையில், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் பேத்தியை நூலகத்தில் நடந்த நிரலாக்கப் பயிலரங்குக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல்லாக இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரலைப் பிள்ளைகள் பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதினார்கள். ‘மேடம்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தபோது ‘ஆம்’ என்றது கணினி. என் பேத்தி தமிழில் ‘விகடகவி’ என்று தட்டினாள். ‘இல்லை’ என்றது. “நான் தவறாக எழுதிவிட்டேனா, பாட்டி?” என்று கேட்டாள்.

அவள் எழுதியதில் தவறே இல்லை. நாம் ஐந்து எழுத்தாகப் படிக்கும் விகடகவியைக் கணினி ஏழாக எண்ணுகிறது. ‘வி’ என்பது அதற்கு ‘வ’ ஒன்று, இகரக் குறி ஒன்று. ஏழையும் அப்படியே திருப்பினால் குறி முன்னால் அநாதையாக நிற்கிறது. பின்னால் ‘வகடகிவ’ என்று வருகிறது. பயிற்றுவித்த இளையர் தமிழரல்லர். ஆர்வத்தோடு குனிந்து பார்த்தார், ஆனால் அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வீட்டில் அட்டைகளை வெட்டி வைத்து இருவரும் உட்கார்ந்தோம். குறி வந்தால் அதை முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிவிட்டு, அதன் பிறகே திருப்ப வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். இன்னொன்றையும் கவனித்தாள். இலக்கணத்தில் ‘க்’கோடு அகரம் சேர்ந்தால் ‘க’. கணினியிலோ ‘க’வோடு புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு இது தோன்றியதே இல்லை. 12 உயிரையும் 18 மெய்யையும் பெருக்கி 216 உயிர்மெய்யை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அவளோ, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ‘சுழற்சி’ ஒன்றுக்குள் இன்னொரு சுழற்சியை வைத்து அத்தனையையும் திரையில் வரவழைத்தாள்.

சிக்கலைச் சிறு துண்டுகளாக்கு, ஒழுங்கைக் கண்டுபிடி, படிப்படியாக வழி சொல். கணினிச் சிந்தனை என்பது இதுதான். இதற்கு நம் எழுத்துமுறையைவிட நல்ல பயிற்சிக்களம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் ‘கோட் ஃபார் ஃபன்’ திட்டத்தில் 10 மணி நேர நிரலாக்கம் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் பத்து மணி நேரத்தில் அறிமுகம்தான் ஆகும். அதற்குப் பிறகு மதிப்பெண் இல்லாமல், துணைப்பாடக் கட்டணம் இல்லாமல், தவறு செய்து பார்க்க நூலகம்தான் இடம். அங்கே தமிழ்ப் புத்தக அலமாரி ஒரு பக்கம், நிரலாக்கப் பயிலரங்கு இன்னொரு பக்கம் என்று ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதுதான் என் வருத்தம்.

1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழ் ஏற வழி செய்தவர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், தேசிய கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவர். தமிழ் வகுப்பறையிலிருந்து கணினிக்குப் போன பாதை இந்த ஊரில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

தேசிய நூலக வாரியம் விடுமுறைக் காலங்களில் தமிழ்ச் சொற்களையே பாடப்பொருளாகக் கொண்ட நிரலாக்க வகுப்புகளை நடத்த வேண்டும். உயர்நிலைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தங்கை தம்பிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவர்களுக்கே தெளிவு பிறக்கும். இங்கே தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் தமிழர்கள் ஏராளம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தொண்டூழியராக வந்தால் போதும். அவர்களுக்கு இலக்கணம் மறந்திருந்தால் பக்கத்தில் உட்கார என் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். நான் எழுத்து அட்டைகளோடு வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
உட்லண்ட்ஸ்