அப்பாவின் பைபாஸ் அறுவைக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியோரே,

ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வந்ததால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட என் தந்தை, பைபாஸ் அறுவை முடிந்து வீடு திரும்பி, இப்போது வலியின்றி மாடிப்படி ஏறுகிறார். அதற்குத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலில் இதயநோய் மருத்துவருக்கு. இதயத்தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் உயராததால் இது மாரடைப்பு இல்லை, ஆனால் எந்நேரமும் மாரடைப்பாக மாறக்கூடிய நிலையற்ற ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) என்று அவர் மழுப்பாமல் சொன்னார். இதயத்துக்கு ரத்தம் தரும் மூன்று முக்கியக் குழாய்களிலும் அடைப்பு இருந்ததோடு இதயத்தின் பம்ப் செய்யும் திறனும் குறைந்திருந்ததால் அறுவையே மேல் என்றவர், வலி தணியாத நிலையில் அதைச் செய்வதில் ஆபத்து கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை. ஆகவே மருந்தால் வலியை அடக்கி, ரத்தம் உறைவதைத் தடுப்பதால் அறுவையில் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடிய க்ளோபிடோக்ரல் மருந்தை நிறுத்தி, அதன் விளைவு நீங்கும்வரை காத்திருக்கச் செய்தார். அந்த நாள்களில் நாங்கள் அவரை நச்சரித்ததற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

அறுவை மருத்துவர், இதயத்தின் முன்புறக் குழாயில் மார்புத் தமனியையும், மற்ற இரண்டில் காலிலிருந்து எடுத்த சிரையையும், அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுவழியாக இணைத்தார். மார்புத் தமனி பத்தாண்டு கடந்தும் பெரும்பாலோருக்குத் திறந்தே இருக்கும், சிரை இணைப்புகளோ அதற்குள் கணிசமாக அடைபடலாம், எனவே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ஆயுள்முழுதும் தொடர வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதை மறக்க மாட்டோம். இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கியவருக்கும், அறுவைக்குப் பின் இதயத்துடிப்பு தாறுமாறானபோது பதறாமல் பார்த்துக்கொண்ட ஐசியூ செவிலியர்களுக்கும் நன்றி.

நாங்கள் பார்த்தேயிராத சிலருக்கும் நன்றிக்கடன் உண்டு. 1976 முதல் 1982 வரை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதே நோயோடு வந்த 468 ஆண்கள், தமக்கு மருந்தா அறுவையா என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க இசைந்தார்கள். (பெண்களைச் சேர்க்காதது அந்த ஆய்வின் குறைதான்.) இரண்டாண்டு முடிவில் மொத்தத்தில் இரு பிரிவினரின் உயிர்பிழைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, பம்ப் திறன் குறைந்தவர்களுக்கு மட்டும் அறுவை பலனளித்தது. அதன்பின் மருந்துகளும் அறுவை முறைகளும் வெகுவாக மாறிவிட்டன என்றாலும், யாருக்கு அறுவை கூடுதலாக உதவும் என்ற தெளிவு, நெஞ்சுவலியோடு படுத்திருந்தபடி கையொப்பமிட்ட அவர்களைப் போன்றோரால் வந்தது.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மார்பெலும்பு கூடும்வரை பளு தூக்கவிடாமல் கண்டிப்போடு நடைபழக்கிய இயன்முறை மருத்துவருக்கும் எங்கள் வணக்கம்.

நன்றியுடன்,
நோயாளியின் மகள்