கோவை அக்காவுக்குப் போன் செய்யாதே, எழுது

அன்புள்ள மலருக்கு,

நேற்று ராத்திரி நீ கேட்டதையே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆரி எம்பிராய்டரி ஆன்லைன் குழுவில் எழுத்தில் மட்டுமே பழக்கமான கோவை அக்காவின் கணவர் தவறி 18 நாள். அக்காவுக்கு முகநரம்பு வலி வேறு. நீங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு ஊரில், ஒருத்தரும் அவரை நேரில் பார்த்ததில்லை, நாங்கள் என்னம்மா செய்ய முடியும் என்றாய். நிறையச் செய்யலாம் கண்ணு.

முதலில், யாரும் போன் போடாதீர்கள். டாக்டர்கள் டிரைஜெமினல் நியூரால்ஜியா என்று சொல்லும் அந்த வலி, பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் முகத்துக்கு உணர்வு தரும் நரம்பை அதன் வேரிலேயே அழுத்தி, மேலுறையைத் தேய்த்துவிடுவதால் வருகிறது. உறை போன ஒயர் மாதிரி, தொட்டால் ஷாக். சில நொடியிலிருந்து இரண்டு நிமிஷம் வரை வெட்டும், நிற்கும், மறுபடி வெட்டும். பேசினால் வரும், மென்றால் வரும், பல் தேய்த்தால் வரும், ஃபேன் காற்று கன்னத்தில் பட்டாலே வரும். துக்கம் விசாரிக்கிறோம் என்று ஆறு பேர் கூப்பிட்டால் ஆறு தடவை வாயைத் திறக்கவைக்கிறோம். எழுத்தில் பேசிப் பழகிய உங்களிடம் மட்டும்தான் அவர் வாய் திறக்காமல் மனசைத் திறக்க முடியும்.

மெசேஜ் சின்னதாக இருக்கட்டும். முடிவில் ‘பதில் வேண்டாம் அக்கா’ என்று மறக்காமல் போடு. பதில் சொல்ல நினைத்தால் ஒரு வட்டம் போதும்: பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் வலி இருக்கிறது, சிவப்பு என்றால் யாராவது உடனே கவனிக்கணும். அவர் கணவர் பெயரைச் சொல்லியே எழுது. பெயரை எடுத்தால் அழுவார் என்று பயந்து எல்லோரும் அந்தப் பெயரை விழுங்கிவிடுகிறார்கள், அதுதான் அதிகம் வலிக்கும். ‘தைரியமா இருங்க’, ‘எல்லாம் விதி’ இரண்டும் வேண்டாம்.

அழுகையைப் பற்றி ஒன்று. இந்த வலியைத் தூண்டுவது பலமான அழுத்தத்தைவிட லேசான உரசல்தான். கண்ணீரைத் துடைக்கும்போது முந்தானை கன்னத்தில் இழுபடும், அங்கேயே வெட்டும். வலிக்கிற பக்கம் துடைக்கவே வேண்டாம். பருத்தித் துணியை மடித்துக் கண்ணுக்குக் கீழே ஒற்றி எடுத்தால் போதும். விசாரிக்க வருகிற பெரியம்மாக்கள் முகத்தை இரண்டு கையாலும் தடவித்தான் அழுவார்கள், நம் வழக்கம் அது. கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் மகனை வாசலிலேயே சொல்லச் சொல். அவராக அதைச் சொல்லமாட்டார்.

இனி மருந்து. கார்பமசெபின் ஆரம்பித்திருக்கிறது என்றாய். வழக்கமாக 100 மி.கி. இரண்டு வேளை என்று தொடங்கி, சில நாளுக்கொரு தடவை டாக்டர் கூட்டுவார். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. ஒன்றுக்கு மூன்றாகப் போட்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்வதுதான் மிச்சம். எவ்வளவு போடலாம் என்று குழுவில் யாரும் சொல்லக் கூடாது. வேளை தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை, ஏனென்றால் சாவு வீட்டில் முதலில் தவறுவது மாத்திரைதான். இதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அட்டையில் சி.ஆர். (மருந்து மெதுவாக இறங்கும் வகை) என்று இருந்தால், விழுங்க முடியவில்லை என்று பொடித்துவிடக் கூடாது, மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

நான் மிகவும் பயப்படுவது ஒன்றுக்குத்தான். இந்த மாத்திரை ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். குறைந்தால் தூங்கி வழிவார், தலை வலிக்கும், வாந்தி வரும், பேச்சு குழறும், தள்ளாடுவார். பார்ப்பவர்கள் ‘பாவம், துக்கத்தில் இருக்கிறாள்’ என்று விட்டுவிடுவார்கள். தினமும் அவர் எழுத்தைப் படிக்கிற உங்களுக்கு வித்தியாசம் தெரியும். நேற்றுவரை ஒழுங்காக எழுதியவர் இன்று சொல்லை மாற்றி மாற்றிப் போட்டால் மகனுக்குத் தகவல் சொல்லி அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். காய்ச்சலோடு உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று மாதம்தான் அந்த ஆபத்து அதிகம்.

வலிக் குறிப்பு எழுதுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்கு, எது தூண்டியது, பத்துக்கு எவ்வளவு, எத்தனை நொடி. அவர் ‘7.40, காபி, 8’ என்று தட்டினால் போதும், ஒருத்தி நோட்டில் ஏற்றி, டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முன்னால் ஒரே பக்கமாக அனுப்பட்டும். அங்கே போய் வாய்விட்டு விளக்கும் பாடு மிச்சம். எம்.ஆர்.ஐ. எடுக்கிற அன்று ‘முகத்தைத் தொட வேண்டாம்’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். பல் வலி என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இந்த நோயில் ஏராளம். யாராவது அந்த யோசனை சொன்னால் நரம்பு டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம் என்று சொல். மருந்து கேட்காவிட்டால் ஆபரேஷனும் இருக்கிறது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு வெதுவெதுப்பாக, மெல்ல வேண்டாததாக: குழைந்த கஞ்சி, ரசத்தில் ஊறிய இட்லி. குளிர்ந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஆறு பேரும் ஒரே நாளில் எழுதிவிட்டு ஒரு வாரம் காணாமல் போகாதீர்கள். ஆளுக்கொரு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள், ஏழாவது நாள் அவருக்கு ஓய்வு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், வீடு வெறிச்சோடுவது இப்போதிலிருந்துதான். முதல் தீபாவளி, கல்யாண நாள், வருஷத் திதி, மூன்றையும் காலண்டரில் குறித்துவை.

வீட்டு விலாசமும், மகன் நம்பரும், பக்கத்து வீட்டு ஒருவர் நம்பரும் இன்றே வாங்கி வை. இந்த வலியோடு துக்கமும் சேரும்போது செத்துவிடலாம் என்ற நினைப்பு வரக்கூடும். ‘எனக்கு அப்புறம்’ என்று எழுத ஆரம்பித்தால், ‘உயிரை விட்டுவிடலாம்னு தோணுதா அக்கா?’ என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் ஒருத்தி அவரோடு எழுதிக்கொண்டே இருக்கணும், இன்னொருத்தி மகனையும் பக்கத்து வீட்டையும் கூப்பிடணும், ஆபத்து என்றால் 108. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழிலும் பேசுவார்கள். அவரால் பேச முடியாததால் மகன்தான் பேசணும், நம்பரை அவனிடம் முன்னாலேயே கொடுத்துவிடு.

வெள்ளிக்கிழமை உன்னுடையது என்று வைத்துக்கொள். இன்று வெள்ளி. ராத்திரி மாத்திரை நேரத்துக்கு முன்னால் ஒரு வரி போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா